கட்டுமுன் ஒத்திகை: துகள் தடங்காணியும் கணிப்பொறியும்

(அறிவியல் அரங்கொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கூத்தாடுவோர் அரங்கேறுமுன் ஒத்திகை பார்க்கின்றனர். பிழை நேர்ந்தால் அங்கேயே திருத்திக் கொள்கின்றனர். வீடு கட்டுவோன் சுவர் கோணினால் இடித்துக் கட்டுகின்றான். தச்சன் இழைத்த பலகை பொருந்தாவிடின் மீண்டும் இழைக்கின்றான். ஆனால், ஆயிரக்கணக்கானோர் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்து, ஒரே ஒரு முறை மட்டும் கட்டி, நிலத்தின் அடியில் ஏறத்தாழ நூறு மீட்டர் ஆழத்தில், 14,000 டன் எடையுள்ள பெருங்கருவி ஒன்றன் நெஞ்சுக்குள் பொதித்து வைக்கின்ற ஓர் உறுப்பை எங்ஙனம் ஒத்திகை பார்ப்பது? பொதித்து மூடிய பின்னர், கையை நுழைத்து ஒரு கம்பியைத் திருத்துவதும் அரிது. திறந்து வெளியே எடுக்க வேண்டுமாயின் மோதுபொறியையே பல மாதங்கள் நிறுத்த வேண்டும். பிழை இருப்பின் அதனைக் கட்டுமுன் காண வேண்டும். கட்டிய பின் கண்டு பயனில்லை.

அவ்வுறுப்பின் பெயர் தடங்காணி. அதற்குரிய ஒத்திகை கணிப்பொறிக்குள் நிகழ்கின்றது. அவ்வொத்திகை எங்ஙனம் நடைபெறுகின்றது, அதனை எவ்வளவு நம்பலாம், எங்கே நம்பலாகாது என்பவற்றை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

தடமே சான்று

அணுவினும் நுண்ணிய துகளை எவரும் கண்ணால் கண்டதில்லை, காணவும் இயலாது. காட்டில் விலங்கைக் காணாத வேடன் அதன் காலடித் தடத்தைக் கண்டு, அது எவ்விலங்கு, எத்திசையில் சென்றது, ஓடியதா நடந்ததா என்று கூறுவான். துகளியல் அறிஞர் செய்வதும் அதுவே. மின்னூட்டமுள்ள துகளொன்று ஒரு பொருளினூடே பாயும்பொழுது, வழியிலுள்ள அணுக்களைத் தட்டி, அவற்றினின்று எதிர்மின்னிகளைப் பெயர்த்துச் செல்லும். எலக்ட்ரான் என்று பள்ளி நூல்கள் கூறுவதே எதிர்மின்னி. பெயர்ந்த அவ்வெதிர்மின்னிகளே துகளின் காலடித் தடம்.

இத்தடத்தைக் கண்ணுக்குப் புலப்படுத்தும் முகிற்கூடத்தை ஆங்கிலேய நாட்டில் பணியாற்றிய வில்சன் 1911-ஆம் ஆண்டு செய்து காட்டினார். அத்தகைய கூடமொன்றைக் காந்தப்புலத்தில் வைத்து, அதன் நடுவே 6 மில்லிமீட்டர்த் தடிப்புள்ள ஈயத் தகடொன்றை நிறுத்தினார் அமெரிக்க அறிஞர் ஆண்டர்சன். 1932-ஆம் ஆண்டு அவர் எடுத்த ஒளிப்படமொன்றில், ஒரு துகளின் தடம் தகட்டின் ஒருபுறத்தில் குறைவாகவும் மறுபுறத்தில் மிகுதியாகவும் வளைந்திருந்தது. ஈயத்தைத் துளைத்ததால் துகள் ஆற்றலை இழந்துள்ளது. ஆகவே மிகுதியாக வளைந்த பக்கமே அது வெளியேறிய பக்கம். திசை தெரிந்ததும், வளைந்த பாங்கினால் அது நேர்மின்னூட்டம் உடையதென்பதும் தெரிந்தது. எதிர்மின்னியின் எதிர்த்துகளான பாசிட்ரான் இவ்வாறே கண்டறியப்பட்டது. துகளின் வழியில் வைத்த பொருள் துகளையே மாற்றுகின்றது என்னும் செய்தியை நினைவில் இருத்துங்கள். ஆண்டர்சனுக்கு உதவிய அதே உண்மை, பின்வந்தோர்க்குப் பெருந்தலைவலி ஆயிற்று.

1952-இல் கிளேசர் குமிழிக்கூடத்தைக் கண்டார். 1968-இல் செனீவா நகரையடுத்த செர்ன் ஆய்வகத்தில் சார்ப்பக்கு என்பார், பல கம்பிகளை வரிசையாக இழுத்துக் கட்டிய வளிக்கூடத்தைச் செய்து, தடத்தை ஒளிப்படமாக அன்றி மின்குறியாகவே பெறும் வழியைத் திறந்தார். அதன் பின்னர்த் தடத்தைப் பார்ப்பது கண்ணின் தொழிலாக இல்லாமல் கணிப்பொறியின் தொழிலாயிற்று. கம்பிகளின் இடத்தை நாளடைவில் சிலிக்கான் தகடுகள் பிடித்தன.

ஆயிரம் கோலங்களின் புள்ளிகள்

செர்ன் ஆய்வகம் 1954-ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. பிரான்சு, சுவிட்சர்லாந்து ஆகிய இருநாட்டு எல்லையின் அடியில், 27 கிலோமீட்டர்ச் சுற்றளவுள்ள சுருங்கை வழியில், ஆட்ரான் பெருமோதுபொறி இயங்குகின்றது. அதில் நேரெதிராக ஓடிவரும் புரோட்டான் கற்றைகள் மோதும் இடங்களுள் ஒன்றில் சி.எம்.எசு. என்னும் கருவி அமைந்துள்ளது. அதன் நடுவே உள்ள தடங்காணியே இங்கு எடுத்துக்காட்டு.

ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் குறுக்களவும் கொண்ட உருளை அது. அதனுள் ஏறத்தாழ 200 சதுர மீட்டர்ப் பரப்புள்ள சிலிக்கான் தகடுகள், ஒன்றனுள் ஒன்றாக அடுக்கிய குழல்கள் போலவும், இருமுனைகளிலும் வட்டத் தட்டுகள் போலவும் நிறுத்தப்பட்டுள்ளன. தொடக்கத்தில் உள்ளடுக்குகளில் 6 கோடியே 60 இலக்கம் நுண்கட்டங்கள் இருந்தன. ஒவ்வொரு கட்டமும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலமே கொண்டது. வெளியடுக்குகளில் 90 இலக்கத்துக்கும் மேற்பட்ட நுண்பட்டைகள் உள்ளன. முழு உருளையும் 3.8 டெசலா வலிமையுள்ள காந்தப்புலத்தில் மூழ்கியுள்ளது. புரோட்டான் கொத்துகள் நொடிக்கு 4 கோடி முறை வரை எதிர்ப்படுகின்றன. ஒவ்வொரு எதிர்ப்பாட்டிலும் ஒரே நேரத்தில் இருபதுக்கு மேற்பட்ட மோதல்கள் நிகழ்கின்றன. அவற்றினின்று ஆயிரம் துகள்கள் தெறிக்கின்றன.

வாயிலில் கோலமிடும் பெண் புள்ளிகளை முதலில் வைத்து, பின்னர் இழையால் இணைக்கின்றாள். எப்புள்ளி எவ்விழையில் சேரும் என்பது அவளுக்குத் தெரியும். ஆயிரம் பெண்கள் ஒரே வாயிலில், ஒரே நொடியில், தத்தம் கோலத்துக்குரிய புள்ளிகளை மட்டும் வைத்துவிட்டு இழை இழுக்காமல் சென்றுவிட்டால் எப்படி இருக்கும்? எஞ்சிய புள்ளிகளைப் பார்த்து, ஆயிரம் இழைகளையும் பிழையின்றி மீட்டுத் தர வேண்டும். தடங்காணியிடம் அறிவியலார் கேட்பது இதுவே.

இழையை மீட்டால் மட்டும் போதாது. அதன் வளைவையும் அளக்க வேண்டும். காந்தப்புலத்தில் மின்னூட்டத் துகள் வில்போல் வளையும். உந்தம் மிகுந்த துகள் குறைவாகவே வளையும். 100 கோடி எலக்ட்ரான்வோல்ட்டு அளவு உந்தமுடைய துகள் 3.8 டெசலாப் புலத்தில் 0.88 மீட்டர் ஆரமுள்ள வட்டமாக வளையும். உந்தம் அதனின் நூறு மடங்காயின் ஆரமும் நூறு மடங்காகி 88 மீட்டர் ஆகிவிடும். 1.1 மீட்டர்த் தொலைவு மட்டும் உள்ள தடங்காணியில் அவ்வில்லின் நடுவுக்கும் நாணுக்கும் இடைப்பட்ட ஆழம் ஏறத்தாழ 1.7 மில்லிமீட்டரே. உந்தம் ஆயிரம் மடங்காயின் அது 0.17 மில்லிமீட்டர்; அஃதாவது இரண்டு மயிரிழைகளின் தடிப்பு. இதனை அளந்தே துகளின் உந்தத்தைக் கூற வேண்டும்.

காணும் கண்ணே மறைக்கும்

அங்ஙனமாயின் அடுக்குகளை மேலும் மேலும் கூட்டினால் புள்ளிகள் பெருகி இழை தெளிவாகுமே என்று தோன்றும். இங்கேதான் ஆண்டர்சனின் ஈயத் தகடு மீண்டும் வருகின்றது. ஒவ்வோர் அடுக்கும் ஒரு பொருள். துகளின் வழியில் நிற்கும் தடை. அணுக்கருக்களின் அருகே செல்லும் துகள் சிறிது சிறிதாகத் திசை திரும்பும். உந்தம் குறைந்த துகள் மிகுதியாகத் திரும்பும். அதனால் வளைவு காந்தத்தால் வந்ததா, இடறலால் வந்ததா என்னும் மயக்கம் பிறக்கும். எதிர்மின்னியோ, வழியில் ஆற்றலை ஒளியாகச் சிந்திவிடும். ஒளித்துகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது: மின்னூட்டமில்லாத அது தடங்காணியில் தடமின்றிச் சென்று, வெளியே உள்ள ஆற்றலளவியை அடைய வேண்டும், ஆனால் வழியிலுள்ள பொருளில் பட்டால், ஓர் எதிர்மின்னியாகவும் ஒரு பாசிட்ரானாகவும் உடைந்து போகும்.

இவ்விடையூற்றை அளப்பதற்குக் 'கதிர்நீளம்' என்னும் அளவை உண்டு. ஆற்றல் மிக்க எதிர்மின்னியொன்று தன் ஆற்றலில் பெரும்பங்கை, அஃதாவது மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக, இழப்பதற்குரிய தடிப்பே ஒரு கதிர்நீளம். ஈயத்துக்கு அது அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல், செம்புக்கு 1.4, சிலிக்கானுக்கு 9.4, பெரிலியத்துக்கு 35 சென்டிமீட்டர். ஒரு கதிர்நீளத் தடிப்பினூடே சென்றால், ஆற்றல்மிக்க ஒளித்துகள்களுள் பாதிக்குச் சற்று மேற்பட்டவை உடைந்துவிடும். கற்றை ஓடும் குழாயின் நடுப்பகுதியைப் பெரிலியத்தால் செய்வதும், தாங்குசட்டங்களைக் கரிம இழையால் செய்வதும் இதனாலேயே.

0.32 மில்லிமீட்டர்த் தடிப்புள்ள சிலிக்கான் தகடு, கதிர்நீளத்தில் ஆயிரத்தில் மூன்றரைப் பங்கேயாகும். அது பெரிதன்று. ஆனால் தகட்டுக்கு மின்சாரம் தரச் செப்பு வடம் வேண்டும். வடம் தந்த மின்சாரம் வெப்பமாகும். வெப்பத்தை அகற்றக் குளிர்நீர்மம் ஓடும் குழாய் வேண்டும். இவை அனைத்தையும் தாங்கச் சட்டம் வேண்டும். பார்க்கும் பொருளைவிடப் பார்ப்பதற்குத் துணையான பொருளே மிகுந்துவிடுகின்றது. கண்ணின் இமையும் மயிரும் தடித்துக் கண்ணையே மறைப்பது போன்ற நிலை இது.

ஆகவே, அடுக்கைக் கூட்டுவதா குறைப்பதா, எந்த ஆரத்தில் வைப்பது, கட்டத்தை எவ்வளவு நுண்ணியதாக்குவது என்னும் வினாக்களுக்குத் தனித்தனியே விடையில்லை. ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று கெடும். அனைத்தையும் ஒருங்கே வைத்து ஒத்துப் பார்க்க வேண்டும். ஒத்துப் பார்ப்பதுதானே ஒத்திகை!

சீட்டாட்டத்தில் பிறந்த முறை

1946-ஆம் ஆண்டு உலாம் என்னும் கணக்கறிஞர் நோயினின்று தேறிவரும் நாள்களில் தனியாகச் சீட்டாடிக் கொண்டிருந்தார். ஆட்டம் வெற்றியில் முடிவதற்கு எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று கணக்கிட முயன்றார். கணக்கு விரிந்துகொண்டே சென்றது. நூறு ஆட்டம் ஆடி, எத்தனையில் வெற்றி என்று எண்ணினால் போதுமே என்று அவருக்குத் தோன்றிற்று. அவ்வெண்ணத்தை அவர் வான் நாய்மனிடம் கூற, இருவரும் அதனை நியூட்ரான்கள் பொருளினூடே பரவும் வகையைக் கணிக்கும் முறையாக வளர்த்தனர். அவர்களுடன் பணியாற்றிய மெட்ரோபொலிசு, சூதாட்டக் கூடத்துக்குப் பெயர்பெற்ற மாண்டி கார்லோ என்னும் ஊரின் பெயரை அதற்கு இட்டார்.

தடங்காணியின் ஒத்திகை இம்முறையின் வழிவந்தது. முதலில் தடங்காணியின் ஒவ்வொரு தகடும், வடமும், குழாயும், திருகும் எந்த இடத்தில், எப்பொருளால், எவ்வளவு தடிப்பில் உள்ளன என்பதைக் கணிப்பொறிக்கு எழுதித் தர வேண்டும். பின்னர், ஒரு மோதலில் எத்துகள்கள் எத்திசையில் தெறிக்கும் என்பதை ஒரு நிரல் தோற்றுவிக்கும். அத்துகள்களை ஒவ்வொன்றாக மற்றொரு நிரல் கைப்பிடித்து நடத்திச் செல்லும்: சிறு அடி வைக்கும், காந்தப்புலம் எவ்வளவு வளைக்கும் என்று கணக்கிடும், இவ்வடியில் இழந்த ஆற்றல் எவ்வளவு, இடறிய கோணம் எவ்வளவு, உடைந்ததா உடையவில்லையா என்பவற்றை நிகழ்தகவின்படி சீட்டெடுப்பது போல முடிவு செய்யும், பின்னர் அடுத்த அடி. ஒரு துகள் உடைந்து பலவானால், பலவற்றையும் அவ்வாறே நடத்தும்.

இத்தொழிலுக்கெனச் செர்ன் ஆய்வகத்தில் 1974-ஆம் ஆண்டில் முதற்படியாக எழுதப்பெற்ற நிரல் தொகுதிக்குச் 'சீயாண்ட்' என்று பெயர். அதன் மூன்றாம் படி 1982-இல் தோன்றியது. முற்றிலும் புதிதாக எழுதப்பெற்ற நான்காம் படி 1998-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. புற்றுநோய்க்குக் கதிர் மருத்துவம் செய்வோரும், விண்கலம் செய்வோரும் அதனைப் பயன்படுத்துகின்றனர்.

துகள் சிலிக்கானைத் துளைத்ததும் அடுத்த நிலை தொடங்கும். 0.3 மில்லிமீட்டர்த் தகட்டில் ஏறத்தாழ 20,000-க்கு மேற்பட்ட எதிர்மின்னிகள் பெயரும். எனினும் ஒவ்வொரு முறையும் அவ்வெண்ணிக்கை மாறும். சிற்சில வேளைகளில் பன்மடங்கு பெருகும். இவ்வேறுபாட்டின் வடிவை லாண்டாவு என்னும் உருசிய அறிஞர் 1944-இல் கணக்கிட்டுத் தந்துள்ளார். பெயர்ந்தவை காந்தப்புலத்தால் சாய்ந்து நகர்ந்து, ஒன்றுக்கு மேற்பட்ட கட்டங்களில் பங்கிட்டு விழும். இச்சாய்வு ஒரு குறை போலத் தோன்றும்; ஆனால் வடிவமைத்தோர் அதனையே நலமாக்கிக் கொண்டனர். இரு கட்டங்களில் விழுந்த பங்குகளை ஒப்பிட்டால், துகள் அவற்றின் இடையே எங்குச் சென்றது என்று கட்டத்தின் அகலத்தைவிடப் பன்மடங்கு நுட்பமாகக் கூறலாம். நூறு மைக்ரோமீட்டர் அகலமுள்ள கட்டம், ஏறத்தாழப் பத்து மைக்ரோமீட்டர் நுட்பத்துடன் இடங்கூறுவது இதனாலேயே.

இறுதியில், ஒத்திகை தந்த புள்ளிகளை, நாளை மெய்யான மோதலில் வரப்போகும் புள்ளிகளை எந்த நிரல் இணைக்குமோ அதே நிரலிடம் தருவர். அந்நிரல் 1960-இல் கால்மன் என்பார் வகுத்த முறையைப் பின்பற்றி, ஒவ்வோர் அடுக்காகச் சென்று, அடுத்த புள்ளி எங்கிருக்கும் என்று முன்னுரைத்து, கண்ட புள்ளியால் தன் முன்னுரையைத் திருத்திக்கொண்டே போகும். இங்கே ஒத்திகையின் தனிப்பெருஞ் சிறப்பு ஒன்றுண்டு. மெய்யான மோதலில் துகள் உண்மையில் எவ்வழியே சென்றது என்று எவருக்கும் தெரியாது. ஒத்திகையிலோ, விடையை முன்னரே எழுதி வைத்துக்கொண்டு வினாவைத் தருகின்றனர். மீட்ட இழையை உண்மை இழையோடு ஒப்பிட்டு, நூற்றுக்கு எத்தனை தவறின, எத்தனை பொய்யிழைகள் தோன்றின, வளைவில் எவ்வளவு பிழை என்று எண்ணிச் சொல்லலாம். ஓர் அடுக்கை நீக்கி மீண்டும் ஓட்டலாம். ஒரு தட்டை நகர்த்தி மீண்டும் ஓட்டலாம். இடித்துக் கட்ட இயலாத வீட்டை எண்ணத்தில் நூறு முறை இடித்துக் கட்டும் வாய்ப்பு இது.

நிறைகோல் சொன்ன உண்மை

பெருமக்களே! இதுகாறும் ஒத்திகையின் பெருமை கூறப்பட்டது. அதன் சிறுமையையும் கூறாவிடின் உரை பொய்யாகும்.

1990-களில் தடங்காணியின் தொடக்க வரைவுகள் எழுந்தபொழுது, அதன் மொத்தப் பொருளளவு மிகக் குறைவாக மதிப்பிடப்பட்டது. அன்று கணிப்பொறிக்கு எழுதித் தந்த வரைவில் சிலிக்கான் இருந்தது. வடங்கள் அனைத்தும் இல்லை. குழாய் இருந்தது; குழாயை இணைக்கும் முடிச்சுகள் இல்லை. பொறியியலார் ஒவ்வொரு பகுதியையும் மெய்யாக வரையத் தொடங்கியதும் அளவு ஏறிக்கொண்டே சென்றது. கட்டி முடித்த தடங்காணியில், நடுப்பகுதியில் ஏறத்தாழ 0.4 கதிர்நீளமும், வடங்களும் குழாய்களும் வெளியேறும் சாய்பகுதியில் 1.8 கதிர்நீளம் வரையும் பொருள் நின்றது. சாய்பகுதி வழியே செல்லும் ஒளித்துகள்களுள் பெரும்பாலானவை ஆற்றலளவியை அடையுமுன்னரே உடைந்துவிடும் என்பது இதன் பொருள்.

கணிப்பொறி பொய் சொல்லவில்லை. கேட்டதற்குத்தான் விடை சொன்னது. இல்லாத வடத்தில் துகள் எங்ஙனம் இடறும்? எழுதித் தந்தவர் விட்டதைக் கணிப்பொறி தானாக இட்டு நிரப்பாது. ஒத்திகையின் முதற்பிழை கணக்கில் நேர்வதன்று. எழுதித் தரும் பட்டியலில் நேர்வது.

இதனை உணர்ந்ததும் செய்த பணி எளியதாயினும் போற்றத்தக்கது. கட்டிய பகுதிகளை நிறைகோலில் இட்டு நிறுத்து, கணிப்பொறிக்குள் உள்ள பகுதியின் எடையோடு ஒப்பிட்டனர். எடை வேறுபட்டால், பட்டியலில் எது விடுபட்டது என்று தேடிச் சேர்த்தனர். உலகின் மிக நுண்ணிய கருவியொன்றன் மெய்ம்மையை, கடைத்தெருவில் காய் நிறுப்பது போல நிறுத்தே நிலைநாட்ட வேண்டியிருந்தது!

2007-ஆம் ஆண்டு திசம்பரில் தடங்காணி தன் இடத்தில் நுழைக்கப்பட்டது. மோதல்கள் தொடங்கிய பின்னர், 2010-ஆம் ஆண்டு மற்றோர் ஆய்வு நடந்தது. உடைந்த ஒளித்துகள்கள் எந்த இடத்தில் உடைந்தன என்று இழைகளைக் கொண்டு கண்டு, அவ்விடங்களைப் புள்ளிகளாக இட்டனர். பொருள் எங்குண்டோ அங்கேதானே உடையும்? ஆகவே தடங்காணி தன் எலும்புக்கூட்டைத் தானே படமெடுத்துக் காட்டிற்று. குழாயும், அடுக்குகளும், தாங்குசட்டங்களும் வட்டம் வட்டமாகத் தோன்றின. படம் ஒத்திகையின் வரைவோடு பெரும்பாலும் ஒத்திருந்தது. 2015-இல் திரட்டிய மோதல்களைக் கொண்டு, துகள்கள் அணுக்கருக்களில் மோதிச் சிதறிய இடங்களை ஆய்ந்து 2018-இல் வெளியிட்ட கட்டுரை, கற்றைக் குழாய் முதலியவை வரைவில் காட்டிய நடுவிலிருந்து மில்லிமீட்டர் அளவில் விலகியிருப்பதையும் அளந்து கூறிற்று. இடரை விளைத்த அதே உடைவே, இடரை அளக்கும் கோலாகவும் ஆயிற்று.

இவ்வுழைப்பு வீண்போகவில்லை. 2012-ஆம் ஆண்டு சூலை 4-ஆம் நாள் இக்சுத் துகளின் கண்டுபிடிப்பு செர்ன் ஆய்வகத்தில் அறிவிக்கப்பட்டது. அத்துகள் ஆயிரத்தில் ஏறத்தாழ இருமுறையே இரண்டு ஒளித்துகள்களாகச் சிதையும். அவ்வரிய சிதைவு அக்கண்டுபிடிப்புக்குத் தலையாய சான்றுகளுள் ஒன்று. வழியில் எவ்வளவு பொருள் உண்டு, எத்தனை ஒளித்துகள்கள் உடைந்திருக்கும் என்று செவ்வையாக அறியாதிருந்தால், எஞ்சியவற்றின் ஆற்றலையும் எண்ணிக்கையையும் நம்பிக்கையோடு கூறியிருக்க இயலாது.

கேட்காத வினா

2017-ஆம் ஆண்டு உள்ளடுக்குகள் மாற்றப்பட்டன. மூன்றாக இருந்த குழலடுக்குகள் நான்காயின. நுண்கட்டங்கள் ஏறத்தாழ 12 கோடியே 40 இலக்கமாகப் பெருகின. முதலடுக்கு மோதலிடத்திலிருந்து 2.9 சென்டிமீட்டர்த் தொலைவுக்கு நெருங்கி வந்தது. முன்னைய பாடத்தை மறவாமல், கரியமிலவளி ஓடும் மெல்லிய குளிர்குழாய்களை அமைத்து, அடுக்கு கூடியும் பொருள் பெருகாதவாறு பார்த்துக்கொண்டனர். பழைய வடங்களின் வழியாகவே மிகுந்த மின்னாற்றலைக் கொணர்வதற்காக மின்னழுத்த மாற்றிகளையும் உள்ளே வைத்தனர்.

அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் அம்மாற்றிகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கத் தொடங்கின. கதிர்வீச்சுப் பட்ட நிலையில் அவற்றை அணைத்து மீண்டும் ஏற்றியபோது, உள்ளிருந்த சில்லில் மின்னொழுக்கு நேர்ந்து பழுதாவது பின்னர்க் கண்டறியப்பட்டது. அடுத்து வந்த குளிர்கால இடைநிறுத்தத்தில் கருவியை வெளியே எடுத்து, மாற்றிகளை மாற்றி, 2018-ஆம் ஆண்டு மோதல்களுக்கு முன் மீண்டும் பொருத்தினர். துகளின் தடத்தை மைக்ரோமீட்டர் நுட்பத்தோடு முன்னுரைத்த ஒத்திகை இதனை முன்னுரைக்கவில்லை. முன்னுரைக்கும்படி அதனிடம் எவரும் கேட்கவில்லை. அது தடத்தின் ஒத்திகை, சில்லின் ஒத்திகையன்று. கேட்காத வினாவுக்கு ஒத்திகையில் விடை வராது.

வரவிருக்கும் தடங்காணி

மோதல்களின் எண்ணிக்கையைப் பன்மடங்காக்கும் திட்டப்படி, 2030-ஆம் ஆண்டளவில் தொடங்கவுள்ள காலப்பகுதிக்கென முற்றிலும் புதிய தடங்காணி உருவாகி வருகின்றது. அன்று ஒரே எதிர்ப்பாட்டில் 200 மோதல்கள் வரை நிகழலாம். அதன் வரைவில் ஒத்திகை இருபடியாக நடந்தது. முதற்படியில், வரைவுகளை ஒப்பிடுவதற்கென்றே எழுதிய எளிய நிரலொன்று, துகளை அடியடியாக நடத்தாமல், அடுக்குகளின் இடம், பொருளளவு, அளவைப்பிழை ஆகியவற்றினின்றே எதிர்பார்க்கத்தக்க நுட்பத்தை விரைந்து கணித்தது. வடங்களையும் குழாய்களையும்கூடத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்தது. பல வரைவுகளுள் தேறிய சிலவற்றை மட்டும் இரண்டாம் படியில் முழு ஒத்திகைக்கு உட்படுத்தினர். முழு ஒத்திகையில் ஒரு மோதலைக் கணிக்கப் பல நொடிகள் முதல் நிமையங்கள் வரை ஆகுமாதலின், தெள்ளிய பின்னரே புடைக்க வேண்டும் என்று தேர்ந்தனர்.

அதில் விளைந்த நற்பயன் ஒன்று கேளுங்கள். புதிய தடங்காணியின் வெளியடுக்குகளில், சில மில்லிமீட்டர் இடைவெளியில் இரு தகடுகள் இணையாக நிற்கும். இரண்டிலும் பட்ட புள்ளிகளை அங்கேயே ஒப்பிட்டு, குறைவாக வளைந்த துகளை உடனே அடையாளங் காணலாம். ஆனால், உருளையின் முனைப்பக்கங்களில் துகள் மிகச் சாய்வாகப் பாயும். கீழ்த்தகட்டில் ஒரு பாதியிலும் மேல்தகட்டில் மறுபாதியிலும் பட்டு, இணை பிரிந்து போகும். இதனை ஒத்திகை காட்டிற்று. மருந்தும் அங்கேயே தெரிந்தது: அவ்விடத்துத் தகடுகளை மோதலிடத்தை நோக்கிச் சாய்த்து வைத்தால், இணை பிரியாது, அத்துடன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தகட்டுத் தொகுதிகளும் தேவையற்றுப் போயின. செலவும் குறைந்தது, வழியில் நிற்கும் பொருளும் குறைந்தது. ஒரு தகட்டையும் வார்க்குமுன் கிடைத்த ஊதியம் இது.

முடிவுரை

பெருமக்களே! இதுகாறும் கூறியவற்றினின்று தேறும் உண்மை ஒன்றே. ஒத்திகை மெய்யன்று, மெய்க்கு முன்னே சென்று வழி பார்த்து வரும் தூதன். தூதன் நேர்மையானவனே, ஆயினும் அனுப்பியவர் காட்டிய வழியை மட்டுமே பார்த்து வருவான். பட்டியலில் ஒரு வடம் விடுபட்டால், அவன் சொல்லில் அவ்வடம் இராது. ஆகவே அவன் சொல்லைக் கேட்டுக் கருவியைக் கட்டலாம்; கட்டிய பின் நிறைகோலையும், மெய்யான துகளையும் கேட்டே அவன் சொல்லை ஏற்க வேண்டும்.

"கணிப்பொறி கூறிற்று" என்று சொன்னவுடன் வாயடைத்துப் போகும் வழக்கம் பரவி வருகின்ற நாளிது. கணிப்பொறியைக் கொண்டு மிக நுண்ணிய கருவியைக் கட்டியவர்களோ அவ்வாறு வாயடைத்துப் போகவில்லை. யார் எழுதித் தந்தார், எதனை விட்டார், எதனோடு ஒப்பிட்டார் என்று கேட்டனர். பகுதி பகுதியாக நிறுத்தனர். தம் பிழையைத் தாமே அளந்து வெளியிட்டனர். கணிப்பொறி எவ்வளவு விரைந்து கணித்தாலும், கேட்க வேண்டியதைக் கேட்பதும், கிடைத்த விடையை நிறுத்துப் பார்ப்பதும் மாந்தனின் கடனே. அக்கடனை மறவாதவர் கைக்கே ஒத்திகை பயன் தரும்.